சத்தம் வருது, படம் வரலை

திரை முழுக்க நீலம். பின்னணியில் கான்ட்ரா விளையாட்டின் இசை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய வீடியோ கேமைப் புதிய டிவியோடு இணைக்க முயன்றவர்களுக்கு இது பழகிய காட்சி. பார்த்த உடனே பெட்டி போய்விட்டது என்று முடிவுகட்டி மறுபடி பரணில் ஏற்றிவிடுவார்கள். அந்த இசை எவ்வளவு நல்ல சேதி என்று தெரிந்தால் அப்படிச் செய்யமாட்டார்கள்.

கேசட் போட்டு ஆடும் இந்தப் பெட்டிகளுக்குள் முக்கியமான சில்லுகள் இரண்டு. ஒன்று விளையாட்டின் நிரலை ஓட்டும். ஒலியையும் அதுவே உண்டாக்கும். இன்னொன்று படம் வரையும். ஒரு படத்தை வரைந்து முடித்ததும் படச்சில்லு முதல் சில்லுக்கு ஒரு சைகை அனுப்பும். நொடிக்கு 50 முறையோ 60 முறையோ வரும் அந்தச் சைகையைப் பிடித்துக்கொண்டுதான் பெரும்பாலான விளையாட்டுகள் அடுத்த அடியை எடுத்துவைக்கின்றன. இசையின் தாளமும் அதிலிருந்தே பிறக்கிறது. ஆக, இசை சரியான வேகத்தில் ஓடினால் மின்சாரம் வருகிறது, கேசட் சரியாகப் பதிந்திருக்கிறது, நிரல் ஓடுகிறது, படச்சில்லும் உயிரோடு இருக்கிறது. பின்னாளில் வந்த மலிவுப் பெட்டிகளில் இரண்டு சில்லுகளையும் ஒரே கறுப்புத் துளிக்குள் அடக்கிவிட்டார்கள், கணக்கு மாறாது. கோளாறு எதுவானாலும் அது படச்சில்லைத் தாண்டி, டிவிக்குப் போகும் வழியில் எங்கோ இருக்கிறது.

அந்த வழியைத்தான் இந்தக் கட்டுரை பின்தொடர்கிறது. தொடங்கிவைத்தது காரவள்ளியில் ஒரு வீடு. சேந்தமங்கலம் பக்கமிருந்து வரும் பேருந்து கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முதலாவதைத் தொடுவதற்கு முன் நிற்கும் அடிவார ஊர் அது. அங்கே அக்கா மகன், தன் அப்பா காலத்து ‘மீடியா’ பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, 32 அங்குலத் தட்டை டிவியோடு சேர்க்க, ஏவி-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றை வரவழைத்திருந்தான். சத்தம் கணீரென்று இருக்கவேண்டும் என்று ஒலி வயரை மட்டும் தனியாக ஸ்பீக்கருக்குக் கொடுத்திருந்தான்.

“மாமா, ஸ்பீக்கர்ல குடுத்தா சத்தம் வருதுங்க, படம் வரமாட்டேங்குது. ஒலிப் பின்னைக் கழட்டி இந்தக் குட்டிப் பெட்டியில சொருகினா படமும் வந்துருதுங்க.”

படம் போவது மஞ்சள் பின்னில். ஒலி போவது வெள்ளைப் பின்னில். வெள்ளையை இடம் மாற்றினால் மஞ்சளுக்கு ஏன் உயிர் வரவேண்டும்? விடை எளியதுதான். ஆனால் அதற்கு முன், மஞ்சள் வயருக்குள் என்ன போகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1983-இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள்தாம் 1990-களில் மீடியா, லிட்டில் மாஸ்டர் என்ற பெயர்களில் நம் வீடுகளுக்கு வந்தவை. அசல் பெட்டி எட்டாக்கனி. சேகாவின் மெகா டிரைவை ஷா வாலஸ் நிறுவனம் 1995-இல் இந்தியாவில் விற்கத் தொடங்கியபோது விலை 18,000 ரூபாய். அதற்கு முன் 80 சதவிகித இறக்குமதி வரி. நகல் பெட்டிகள் ஊரெல்லாம் பரவியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அப்போது வீட்டில் இருந்த டிவி டயனோராவோ சாலிடேரோ, பின்னால் 2006-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டியோ, எல்லாமே ஒரே இனம்: கண்ணாடிக் குழாய் டிவி. கேம் பெட்டியை வடிவமைத்தவர்கள் மனத்தில் வைத்திருந்ததும் அந்தக் குழாயைத்தான்.

இனி மஞ்சள் வயர். அதில் போவது ஒரே ஒரு மின்னழுத்தம், உச்சத்துக்கு ஒரு வோல்ட். நம் நாட்டு டிவியின் பால் (PAL) முறையில் நொடிக்கு 15,625 வரிகள். ஒரு வரிக்குக் கிடைக்கும் நேரம் 64 மைக்ரோ நொடி. அதில் 52 மைக்ரோ நொடியில் படம் போகிறது, மீதி 12 அடுத்த வரிக்கான இடைவேளை. இடைவேளையில் 4.7 மைக்ரோ நொடி மட்டும் மின்னழுத்தம் அடிமட்டத்துக்கு, பூஜ்யத்துக்கு இறங்கும். அதுதான் சிங்க் துடிப்பு. ‘புதிய வரி தொடங்குகிறது’ என்ற அறிவிப்பு. அதன் பின்னாலேயே வண்ணத்துக்கான அடையாள அலை சில சுற்றுகள் வந்துபோகும். பால் முறையில் அதன் அதிர்வெண் 4.43 மெகாஹெர்ட்ஸ். பிறகு படம்: 0.3 வோல்ட் என்றால் கறுப்பு, 1 வோல்ட் என்றால் வெள்ளை.

இதில் எந்தப் புள்ளிக்கும் முகவரி கிடையாது. மரியோவின் தொப்பி திரையின் நடுவில் தெரிகிறது என்றால், சிங்க் துடிப்புக்குப் பின் குறிப்பிட்ட நேரம் கழித்து அந்தச் சிவப்பு வந்தது என்று மட்டுமே அர்த்தம். திரையில் இடம் என்பது முழுக்க முழுக்க நேரக் கணக்கு.

மலையடிவாரத்தில் ஆன்டெனா காலத்தைப் பார்த்தவர்கள் இதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். ஒவ்வோர் உருவத்துக்கும் வலப்பக்கத்தில் மங்கலாக இன்னோர் உருவம், ஆவி போல நிற்கும். ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து நேராக வந்த அலை முதலில் சேரும். ஊரைத் தாண்டிப் போய்ப் பின்னாலிருக்கும் மலையில் மோதித் திரும்பிய அலை சற்றுத் தாமதமாகச் சேரும். மலைச்சரிவு 750 மீட்டர் தள்ளி இருந்தால் திரும்பும் அலைக்குக் கூடுதல் பயணம் ஒன்றரைக் கிலோமீட்டர். ரேடியோ அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போகும். எனவே தாமதம் 5 மைக்ரோ நொடி. 52 மைக்ரோ நொடி அகலமுள்ள திரையில் 5 என்றால், ஆவி உருவம் திரை அகலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தள்ளி நிற்கும். அளவுகோலும் பொறுமையும் இருந்தால் கொல்லிமலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று டிவியை வைத்தே அளந்திருக்கலாம்.

குழாய் டிவிக்கு இந்த நேரக் கணக்கில் தாராள மனம். அதற்குள் வரி வரைவதற்கென்று ஓர் அலையியற்றி தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். சிங்க் துடிப்பு அதை அவ்வப்போது லேசாகத் தட்டி நேராக்கும். நாலு துடிப்பு காணாமல் போனாலும் அது ஓட்டத்தை நிறுத்தாது. படம் உருண்டால் பின்பக்கத்தில் வெர்டிகல் ஹோல்டு என்ற திருகைத் திருகி நிறுத்திய தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. சமிக்ஞை தெளிவாக இல்லாவிட்டாலும் ஏதோ ஒன்று திரையில் தெரியும்.

எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் பெட்டிக்கு, அதாவது அப்ஸ்கேலருக்கு, அந்தத் தாராளம் இல்லை. அது சிங்க் துடிப்பைக் கண்டுபிடித்து, அதோடு தன் கடிகாரத்தைப் பூட்டி, வரியை எண்களாக நறுக்கி, நினைவகத்தில் அடுக்கி, 720 அல்லது 1080 வரிகளாகப் பெருக்கி எச்டிஎம்ஐ-யில் அனுப்ப வேண்டும். முதல் படியே தவறினால் மற்றவை தொடங்குவதே இல்லை. மங்கலான படத்தைக் காட்டுவதற்குப் பதில் நீலத் திரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடும். ‘பழைய டிவியில் நன்றாக ஓடியதே, அப்படியானால் வயரில் குறை இருக்க முடியாது’ என்ற வாதம் இங்கேதான் செல்லாமல் போகிறது. குறை அப்போதும் இருந்திருக்கலாம். குழாய் டிவி பொறுத்துக்கொண்டது.

இப்போது காரவள்ளிப் புதிர். மஞ்சள் பின்னின் நடுக்குச்சி சமிக்ஞையைக் கொண்டுபோகிறது. சுற்றியிருக்கும் உலோக வளையம், அதாவது எர்த், அதைத் திருப்பிக் கொண்டுவருகிறது. மின்னோட்டத்துக்குப் போகவும் வரவும் வழி வேண்டும். அக்கா வீட்டுக்காரர் லாரி எலெக்ட்ரீஷியன். நாமக்கல் வட்டாரத்தில் அந்தத் தொழிலுக்குப் பஞ்சமில்லை. மகன் சொன்னதைக் கேட்டதும் திரையைக்கூடப் பார்க்காமல், “மாப்ள, மஞ்சள் வயர்ல எர்த் அந்து போயிருக்கும், பாருங்க” என்றார். அவர் தினமும் பார்க்கும் கோளாறு அது. லாரியில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வயர்தான் போகும். திரும்பி வருவது பாடி வழியாக. பின்விளக்குக் கூட்டின் பாடி எர்த் துருப்பிடித்துவிட்டால், பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டர் மங்கலாக எரியும். தன் வழி அடைபட்ட மின்னோட்டம் பக்கத்து விளக்கின் வழியே வீடு திரும்பப் பார்க்கிறது.

கேம் பெட்டியிலும் அதுவே நடந்தது. மஞ்சள் வயரின் வலை எர்த் பின்னுக்கு அருகே உள்ளுக்குள் அறுந்திருந்தது. ஒலிப் பின்னையும் அதே குட்டிப் பெட்டியில் செருகும்போது, படத்தின் மின்னோட்டம் ஒலி வயரின் எர்த் வழியே திரும்பிவிட்டது. ஒலியை ஸ்பீக்கருக்கு மாற்றியதும் அந்தக் குறுக்கு வழியும் போனது. கேம் பெட்டி, ஸ்பீக்கர், டிவி எல்லாவற்றுக்கும் இரண்டு முனைப் பிளக்குகள். சுவர் வழியாகவும் பொது எர்த் கிடையாது. மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் வைத்து மஞ்சள் வயரின் இரு முனை வளையங்களையும் தொட்டபோது பீப் வரவில்லை. புதுப் பின் வைத்து ஈயம் போட்டதும் வேலை முடிந்தது.

இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வயர் சோதிப்பவர்களில் பெரும்பாலோர் நடுக்குச்சியை மட்டும் சோதிக்கிறார்கள். எர்த்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. படம் நடுங்குவது, ஒலியில் உறுமல் கேட்பது, பின்னை விரலால் தொட்டால் படம் தெளிவது, இவற்றில் எது வந்தாலும் முதல் சந்தேகம் எர்த் மேல் விழட்டும்.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை பல, ஆனால் எல்லாம் சமமான சிக்கல்கள் இல்லை. சில வெறும் கவனக்குறைவு. ஏவி-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் பெட்டியும், எச்டிஎம்ஐ-யிலிருந்து ஏவி-க்கு மாற்றும் பெட்டியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பெயரில் எழுத்துகளும் அவையே, வரிசை மட்டும் வேறு. இரண்டும் ஒருவழிப் பாதைகள். மாறி வாங்கிவிட்டால் எந்த வயரும் காப்பாற்றாது. மஞ்சளும் வெள்ளையும் மாறிச் செருகப்பட்டிருந்தால் ஸ்பீக்கரில் கர்ரென்று ஒரு கரகரப்பு வரும். படம் மாறும்போது அதன் சாயலும் மாறும். படச் சமிக்ஞை காதில் விழுந்தால் அப்படித்தான் இருக்கும். ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் ஒலி வந்தால் அது கோளாறே இல்லை. ஃபேமிகாம் வழிவந்த பெட்டிகளுக்கு ஒலி ஒற்றைத் தடம்தான். முதல் மாடல் மெகா டிரைவிலும் பின்பக்கத் துளையில் ஒற்றைத் தடம். இரட்டைத் தட ஒலி முன்பக்க ஹெட்ஃபோன் துளையில் கிடைக்கும்.

மின்சாரம் கொஞ்சம் கவனம் கேட்கும் விஷயம். மாற்றுப் பெட்டிக்கு 5 வோல்ட் வேண்டும். பலரும் டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்தே அதை எடுக்கிறார்கள். யுஎஸ்பி 2.0 துளை தரக்கூடியது அரை ஆம்பியர். போதாமல் போனால் படம் வந்து, சில நொடியில் போய், மறுபடி வரும். தனி மொபைல் சார்ஜர் இந்த நோய்க்கு மருந்து. கேம் பெட்டியின் அடாப்டரில் முனை எது என்பது அதைவிட முக்கியம். ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் நேர்மின்சாரம், பின்னின் நடுப்பகுதி நெகட்டிவ். அதன் மேலைநாட்டுப் பதிப்புக்கு 9 வோல்ட் மாறுமின்சாரம். மெகா டிரைவின் முதல் மாடலில் நடு நெகட்டிவ், இரண்டாம் மாடலில் நடு பாசிட்டிவ். ‘9 வோல்ட்தானே’ என்று எதையாவது செருகுவது பெட்டியைக் கொல்லும் சுருக்குவழி.

அடாப்டர் பழுதடைந்தால் படமே சொல்லிவிடும். திரையில் இரண்டு கறுப்புப் பட்டைகள் மெல்ல மேலோ கீழோ நகர்ந்தால் அடாப்டரின் வடிகட்டிக் கெப்பாசிட்டர் உலர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்தை முழு அலையாகத் திருத்தினால் மிச்சமிருக்கும் அலை 100 ஹெர்ட்ஸ்; நொடிக்கு 50 முறை வரையப்படும் படத்தில் அது இரண்டு பட்டைகளாகத் தெரிகிறது. நகர்வது ஏனென்றால் கேம் பெட்டியின் 50-உம் மின்வாரியத்தின் 50-உம் மிகச் சரியாக ஒன்று அல்ல.

பால், என்டிஎஸ்சி என்ற இரு டிவி முறைகளின் தகராறு அடுத்தது. மாற்றுப் பெட்டியின் பக்கவாட்டில் அதற்கொரு சுவிட்ச் இருந்தால் அதைத் தட்டிப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டி என்டிஎஸ்சி-யாக இருக்கலாம்: நொடிக்கு ஏறக்குறைய 60 படம், வண்ண அலை 3.58 மெகாஹெர்ட்ஸ். பால் மட்டும் புரிந்த கருவியில் அது கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது உருளும். கறுப்பு வெள்ளைக்கு இன்னொரு காரணமும் உண்டு, இன்றைய டிவிகளில் இதுவே அதிகம். மஞ்சள் துளையும் காம்பொனென்ட் இணைப்பின் பச்சைத் துளையும் ஒன்றாகவே வைக்கப்பட்டிருக்கும். மெனுவில் காம்பொனென்ட் என்று தேர்ந்திருந்தால் டிவி அந்தத் துளையில் வெளிச்ச அளவை மட்டும் எதிர்பார்க்கும். வண்ணத்தைப் புள்ளிக் கோலமாகப் பார்த்துவிட்டுக் கறுப்பு வெள்ளைப் படம் காட்டும். மெனுவில் ஏவி என்று மாற்றினால் போதும்.

குட்டி 3.5 மில்லிமீட்டர் ஏவி துளை மட்டும் உள்ள டிவிகளுக்கு அப்ஸ்கேலரே இல்லாமல் நேராக இணைக்கும் வயர் கிடைக்கிறது. ஆனால் அந்த நான்கு வளையப் பின்னில் எர்த் எந்த வளையம், படம் எந்த வளையம் என்பதில் தயாரிப்பாளர்களிடையே ஒற்றுமை இல்லை. படம் வராவிட்டால் கேம் பெட்டியின் மஞ்சளை வயரின் சிவப்பிலோ வெள்ளையிலோ செருகிப் பாருங்கள். சில சமயம் அங்கே காத்திருக்கும். எர்த் வளையமே மாறியிருந்தால் மட்டும் வேறு வயர்தான் வழி.

பழைய குழாய் டிவியிலும் அப்ஸ்கேலரிலும் ஒரே நேரத்தில் பார்க்க ஆசைப்பட்டு, இரண்டாகப் பிரியும் வயரை மாட்டுகிறவர்கள் உண்டு. படம் இரண்டிலும் மங்கும், அப்ஸ்கேலர் சிங்க்கை இழக்கும். கணக்கைப் பாருங்கள். கேம் பெட்டி 75 ஓம் தடைக்குப் பின்னாலிருந்து சமிக்ஞையை அனுப்புகிறது. எதிர் முனையிலும் 75 ஓம் இருந்தால் மின்னழுத்தம் பாதியாகி, சரியாக 1 வோல்ட் கிடைக்கும். இரண்டு கருவிகள் சேர்ந்தால் எதிர் முனை 37.5 ஓம் ஆகிவிடும், கிடைப்பது 0.67 வோல்ட். 0.3 வோல்ட் சிங்க் துடிப்பு 0.2 ஆகச் சுருங்கும். எதிர் முனையில் 75 ஓம் இல்லாமலே போனால் சமிக்ஞை இரு மடங்காகி, படம் கண்ணைக் கூசவைக்கும். அளவுக்கு மீறிய வெளிச்சத்தைப் பார்த்து டிவியின் பிரைட்னஸைக் குறைப்பவர்கள் நோயை விட்டுவிட்டு முகத்துக்குப் பவுடர் பூசுகிறார்கள்.

இதுவரை சொன்னது மஞ்சள் வயர் உலகம். அதற்கு மேல் ஆர்ஜிபி என்றொரு உலகம் இருக்கிறது. பின்லாந்தின் மார்கஸ் ஹீன்காரி வடிவமைத்துத் திறந்த மூலமாக வெளியிட்ட ஓஎஸ்எஸ்சி, அமெரிக்காவில் மைக் சி உருவாக்கிய ரெட்ரோடிங்க் வரிசை ஆகியவை அங்கே புகழ்பெற்ற அப்ஸ்கேலர்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி வயரில் வருவதால் படம் கத்தி போல இருக்கும். ஆனால் மீடியா பெட்டிக்காரர்கள் இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஃபேமிகாமின் படச்சில்லே மஞ்சள் வயரில் போகும் கலவைச் சமிக்ஞையைத்தான் வெளியே தருகிறது. ஆர்ஜிபி அதற்குள் எங்குமே பிறப்பதில்லை. ஓஎஸ்எஸ்சி-யோ மஞ்சள் வயரை ஏற்காது. மீடியா பெட்டியையும் ஓஎஸ்எஸ்சி-யையும் வைத்துக்கொண்டு எந்த வயர் விட்டுப்போனது என்று தேடுவது வீண்.

மெகா டிரைவ், சூப்பர் நின்டெண்டோ, பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு ஆர்ஜிபி பயன்படும். அங்கே கோளாறு பெரும்பாலும் நான்காவது வயரில்: சிங்க். வண்ணங்களில் ஒன்று அறுந்தால் படம் வரும், நிறம் மட்டும் திரியும். சிங்க் அறுந்தால் ஒன்றுமே வராது. ஐரோப்பாவின் 21 முனை ஸ்கார்ட் இணைப்பில் சிவப்பு 15, பச்சை 11, நீலம் 7, சிங்க் 20-ஆம் முனைகளில் இருக்கும். ஜப்பானிலும் அச்சில் வார்த்தது போல அதே இணைப்பு உண்டு, உள்ளே முனைகளின் வரிசை வேறு. உருவத்தை நம்பி ஒன்றுக்கான வயரை இன்னொன்றில் செருகக் கூடாது. இதைவிட ஆபத்தான பொறி சூப்பர் நின்டெண்டோவில் இருக்கிறது. அமெரிக்க, ஜப்பானியப் பதிப்புகளில் சிங்க் வரும் அதே முனையில் ஐரோப்பியப் பதிப்பு 12 வோல்ட் அனுப்புகிறது. அந்த ஊர் டிவியை விழிக்கவைப்பதற்கான சைகை அது. 0.3 வோல்ட் எதிர்பார்க்கும் அப்ஸ்கேலரின் சிங்க் முனையில் 12 வோல்ட் போய் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பெட்டி எந்த நாட்டுப் பதிப்பு என்று தெரியாமல் சிங்க் வயரை இணைக்காதீர்கள்.

சிங்க் வயர் சரியாக இருந்தும் படம் விட்டுவிட்டு வந்தால் ஓஎஸ்எஸ்சி போன்றவற்றின் மெனுவுக்குள் போகலாம். எந்த மின்னழுத்தத்துக்குக் கீழே போனால் சிங்க் என்று கொள்வது, இரைச்சலை எவ்வளவு வடிகட்டுவது என்பதற்கெல்லாம் அங்கே எண்கள் இருக்கின்றன. டயனோராவின் முதுகில் இருந்த திருகு இப்போது அந்த எண்களாக ஆகியிருக்கிறது.

பிளேஸ்டேஷன் 2 நம் ஊரில் நிறையவே புழங்கிய பெட்டி. காம்பொனென்ட் வயர் வாங்கி மாட்டியதும் படம் பச்சையும் ஊதாவுமாக வந்தால் வயரைத் திருப்பி அனுப்ப அவசரப்பட வேண்டாம். பெட்டியின் சிஸ்டம் அமைப்பில் காம்பொனென்ட் வெளியீடு ஆர்ஜிபி என்றிருக்கும். அதை ஒய்-பிபி-பிஆர் என்று மாற்ற வேண்டும். நிறம் திரிந்த திரையில் மெனுவைத் தேட முடியாவிட்டால் பழைய மஞ்சள் வயரை மாட்டி மாற்றிவிட்டு, பிறகு புது வயருக்கு வரலாம். விளையாட்டின் நடுவே மெனுவுக்குப் போகும்போது சில நொடி திரை இருள்வதும் வயர் கோளாறு அல்ல. சில விளையாட்டுகள் அந்த இடத்தில் வரிகளின் முறையையே மாற்றுகின்றன. அப்ஸ்கேலரும் டிவியும் புதிதாகப் பூட்டிக்கொள்ள நேரம் எடுக்கின்றன.

வயரெல்லாம் சரி, படமும் வருகிறது, ஆனால் அடிபட்ட வீரன் மின்னுவதற்குப் பதில் மாயமாகிவிடுகிறான் என்றால் குற்றம் மலிவுப் பெட்டியின் புத்தியில். டிவி ஒளிபரப்பில் ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் ஒரு முறை என்று மாறி மாறி வரும். பழைய கேம் பெட்டிகள் இந்த ஏமாற்று வேலையைச் செய்வதில்லை. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் முழுப் படத்தையும் வரைகின்றன. இதை அறியாத மாற்றுப் பெட்டி இரண்டு படங்களை எடுத்து ஒன்றாகப் பின்னுகிறது. ஒரு படத்தில் இருந்து அடுத்ததில் மறையும் பாத்திரம் அந்தப் பின்னலில் சிக்கிக் காணாமல் போகிறது, அல்லது சீப்புப் பற்களாகத் தெரிகிறது. பல மலிவுப் பெட்டிகள் நொடிக்கு 50 படத்தை 60 ஆக்கவும் செய்கின்றன; ஐந்து படத்துக்கு ஒன்றைத் திரும்பக் காட்டுவதால் மரியோ ஓடும்போது தரை விக்கி விக்கி நகரும். இதற்கெல்லாம் ஈயம் வைத்துப் பயனில்லை. சகித்துக்கொள்ளலாம், அல்லது நல்ல அப்ஸ்கேலர் வாங்கலாம். மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு ஆடுவதற்கு மலிவுப் பெட்டியே போதும் என்பது என் கருத்து.

துப்பாக்கி மட்டும் விதிவிலக்கு. அந்தக் காலப் பெட்டிகள் பலவற்றோடு வந்த பிளாஸ்டிக் துப்பாக்கி தட்டை டிவியில் வாத்து சுடும் விளையாட்டுக்கு உதவாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையில் இருக்கும் ஒளி உணரி அந்த ஒரே படத்துக்குள் வெளிச்சத்தைப் பார்த்தால்தான் குறி தப்பவில்லை என்று கணக்கு. அப்ஸ்கேலரும் தட்டை டிவியும் சேர்ந்து படத்தைத் தாமதப்படுத்துவதால் வெள்ளைக் கட்டம் வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. அசல் துப்பாக்கியின் மின்சுற்றோ குழாயில் வரி வரியாக ஓடும் ஒளிக்கென்றே, நொடிக்குச் சுமார் 15,000 துடிப்புக்கென்றே சுருதி சேர்க்கப்பட்டது; தட்டைத் திரையின் ஒளியில் அந்தத் துடிப்பே இல்லை. எந்த வயரை மாற்றினாலும், எவ்வளவு விலை கொடுத்து அப்ஸ்கேலர் வாங்கினாலும் அது சுடப்போவதில்லை. அதற்கு வேண்டியது குழாய் டிவி. வீட்டில் ஒன்று ஓடும் நிலையில் இருந்தால் பழைய இரும்புக்காரருக்கு எடை போட்டுவிடாதீர்கள். அதன் பின்மூடியை மட்டும் நீங்களே கழற்ற வேண்டாம். குழாய்க்குள் போகும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டைத் தாண்டும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது நெடுநேரம் தங்கியிருக்கும்.